கூரைக்கு மேல் மூன்று பாகை

என் மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஜாலான் புசாரில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டு மாடிக்கு மின்தூக்கி கிடையாது. படிக்கட்டோ, கட்டியவன் ஏணியைப் பார்த்து வரைந்தது. ஆகவே அவளுடைய தம்பி கிழக்கே ஒரு பதினைந்து மாடி புளோக்கில் வீடு பார்த்துக் கொடுத்தான். மின்தூக்கி வாசலிலேயே நிற்கும். எனக்குத்தான் போக விருப்பமில்லை. இங்கே தேக்கா சந்தைக்கு நடந்தே போய்விடலாம். எந்தக் கோப்பிக்கடையில் எத்தனை நாற்காலி, அதில் எத்தனை ஆடும் என்பது வரை எண்ணி வைத்திருந்தேன். புது இடம் என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மைத்துனன் வாஸ்து பார்ப்பவன். தொழிலல்ல, வியாதி. வீட்டைப் பார்க்கப் போன அன்று கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கழிவறை உட்பட எல்லா அறையையும் சுற்றினான்.

"ஈசானியம் சுத்தமா இருக்கு அத்தான். கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம் லா."

நான் கண்ணைத் திறந்துகொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தேன். தூரத்தில், நேர் எதிரே, ஓடுபாதை. ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

வேலை பார்த்த காலம் முழுக்க நான் ஓடுபாதைகளுக்கு வரைபடம் போட்டவன். ஓடுபாதைக்கும் வாஸ்து உண்டு. அதைப் பார்ப்பது காற்று. பாதைக்கும் காற்றுக்கும் இடையே உள்ள கோணத்தின் சைனைக் காற்றின் வேகத்தோடு பெருக்கினால், விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும் பங்கு தெரியும். அது குறையும்படி பாதையைத் திருப்பிப் போடுவோம். பிறகு, இறங்கும் வழியில் எந்தக் கட்டடமாவது குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்போம். விமானம் ஏறக்குறைய மூன்று பாகைச் சரிவில் இறங்கும். தூரத்தை மூன்று பாகையின் டேனால் பெருக்கினால், அந்த இடத்தில் அது வரும் உயரம் கிடைக்கும். இதில் பரிகாரம் எதுவும் கிடையாது.

"சத்தமே இல்லையே," என்றாள் மனைவி.

"காத்து மாறட்டும். அப்புறம் ப்ளேன் ஓட்டுறவன் இந்தப் பக்கமாத்தான் இறங்குவான்."

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். ஓடுபாதை முனையிலிருந்து நான்கு கிலோமீட்டர். விமானத்தின் உயரம் இருநூற்றுப் பத்து. புளோக்கின் உயரம் நூற்றைம்பது. மிச்சம் அறுபது. தாளைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"மொட்டை மாடிக்கு மேல வெறும் அறுபது. தெரிஞ்சே அதுக்குக் கீழ போய்ப் படுக்கணுமா?"

அவள் தாளைப் பார்க்கவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பக்கத்து புளோக்கு இதவிடப் பத்து மாடி கூட. அங்க இருக்கவங்க எல்லாம் சன்னல் வழியாவே ஏரோப்ளேன்ல ஏறிக்குவாங்களா?"

எங்களோடு வீட்டுக்கு வந்திருந்த மைத்துனனுக்குக் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது. "டிக்கெட்டு மிச்சம் அத்தான்," என்றான், துடைத்துக்கொண்டே.

தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். இருநூற்றுப் பத்து, மீட்டர். நூற்றைம்பது, அடி. நான் தொழில் கற்றது அடிக்கணக்கில். நாடு மீட்டருக்கு மாறியபோது அளவுகோலை மாற்றிக் கொடுத்தார்கள். கட்டடத்தை அண்ணாந்து பார்த்ததும் மாடிக்குப் பத்தடி என்று எண்ணும் கண்ணை யாரும் மாற்றித் தரவில்லை. நூற்றைம்பது அடி என்பது ஏறக்குறைய நாற்பத்தைந்து மீட்டர். மிச்சம் நூற்றறுபத்தைந்து. பக்கத்து புளோக்குக்கும் ஆபத்தில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று தோன்றியது. தப்பு எங்கே என்று அந்த இருவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் எழுந்தாள். நாற்காலி, மேசை, சுவர் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"கணக்குல ஒரு தப்பு," என்றேன்.

"இருக்கும்னு தெரியும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாதுகாப்பா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"பாதுகாப்புதான். சத்தம் கேக்கும்."

"உங்க கொறட்டைய விடவா?"

வாங்கிவிட்டோம். காற்றும் மாறிவிட்டது. விமானங்கள் கூரைக்கு மேலே, தம் உயரத்தில், ஒழுங்காக வருகின்றன. ஈசானியத்துக்கு உத்தரவாதம் கொடுத்த மைத்துனன்தான் ஒவ்வொரு விமானத்துக்கும் தலையைக் குனிந்துகொள்கிறான். அவள் காலையில் தனியாக மின்தூக்கியில் இறங்கிக் கோப்பிக்கடைக்குப் போய்விடுகிறாள். எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்பதற்குள் மின்தூக்கிக் கதவு மூடிவிடுகிறது. நான் சன்னலருகே உட்கார்ந்து விமானங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.