தூரத்திலிருந்தே தெரிகிற அட்டை

அந்தப் பார்சலைப் பிரித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் காசநோய் சிகிச்சை மையம் இருந்தது. கீழே பன் வேகும் வாசனை, மேலே மருந்து வாசனை, நடுவில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். மையத்துக்கு உதவி செய்துகொண்டிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அனுப்பிய பார்சல் அது. உள்ளே ஒரு விசிறி இருந்தது. ஒரு முனையில் ஆணி போட்டுக் கோத்த நீள நீளமான அட்டைகள், ஒவ்வோர் அட்டையிலும் ஏழு நிறங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண்.

சிரிக்காதீர்கள், அதை விரித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை அச்சகத்தில் நான் நிறம் சொன்ன லட்சணம் அப்படி. கத்திரிக்காய்க் கலர் வேண்டும், ஆனால் முத்தாத கத்திரிக்காய் என்பேன். அச்சகக்காரர் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு பீட்ரூட்டை அடித்துத் தருவார். இனிமேல் எண்ணைச் சொன்னால் போதும். பச்சையில் மட்டும் இத்தனை பச்சையா என்று அன்று முழுக்க அதையே விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் உள்ள நிறமெல்லாம் என் கைக்குள் வந்துவிட்டது போல இருந்தது. பன் தின்ற கையோடு யாராவது தொட வந்தால் எரிந்து விழுவேன். டாக்டரம்மா மட்டும் தொடலாம், அவரும் கை கழுவிவிட்டு.

டாக்டரம்மா மையத்தைத் தொடங்கியவர். அரசு ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே இதை ஆரம்பித்துவிட்டார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பயம். மாத்திரை இலவசம்தான், ஆனால் ஆறு மாதம், சிலருக்கு எட்டு மாதம், வாராவாரம் வந்து வாங்கிப் போக வேண்டும். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடும். இருமல் நின்றதும் ஆள் வருவதும் நின்றுவிடும். பாதியில் விட்ட நோய் திரும்பி வந்தால் பழைய மருந்துக்கு அடங்காது. யாராவது ஒருவர் வராமல் போனால் டாக்டரம்மாவுக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்காது.

அதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்தார். மையத்துக்கு ஒரு சின்னம், ஒரு பெயர்ப்பலகை, நோயாளிகள் வாராவாரம் கொண்டுவந்து காட்ட ஓர் அட்டை. அட்டை இல்லாமல் மருந்து கிடையாது. சொந்த ஊருக்குப் போன இடத்தில் உடம்புக்கு வந்தாலும் அதைக் காட்டினால் அங்கிருக்கும் டாக்டருக்கு எல்லாம் விளங்கும் என்பது அவருடைய கணக்கு. “பாத்தா திரும்பி வரணும்னு தோணணும்,” என்றார். எனக்குக் கிடைத்த உத்தரவு அவ்வளவுதான்.

நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. நூலகத்தில் உட்கார்ந்து, தூக்கினால் கை வலிக்கிற வெளிநாட்டு டிசைன் ஆண்டுமலர்களைப் புரட்டினேன். நடைபாதையில் விற்ற பழைய பத்திரிகைகளை அள்ளி வந்து, பிடித்ததையெல்லாம் கத்தரித்துச் சுவரில் ஒட்டினேன். எங்கோ ஒரு தேசத்தில் அனாதைப் பிள்ளைகளுக்கான ஒரு விடுதி, ஒரே கோட்டில் வரைந்த ஒரு பறவையைச் சின்னமாக வைத்திருந்தது. பேனாவை எடுக்காமல் போட்ட ஒரே கோடு. அதற்குள் கூடும் இருந்தது, பறப்பதும் இருந்தது. இப்படியும் ஒரு மனிதக் கை வரையுமா என்று பிரமித்துப் போனேன். அந்தப் பக்கத்தைத் திருப்பவே மனம் வரவில்லை.

என் சின்னமும் பிறந்தது. இரண்டு இலைகள் சேர்ந்து இரண்டு நுரையீரல். நிறத்துக்கு மருந்து மாத்திரையையே எடுத்து, டியூப்லைட்டின் கீழ் விசிறியோடு வைத்து, பொருத்தமான ஆரஞ்சுச் சிவப்பைக் கண்டுபிடித்தேன். பெரிய அட்டை, மடித்தால் நோட்டுப் புத்தக அளவு. பளபளப்பான கெட்டித் தாள். பெங்களூரில் ஒரு மொழியைப் பெரிதாகவும் இன்னொன்றைச் சின்னதாகவும் போட்டால் வம்புதான். அதனால் ‘காசநோய் சிகிச்சை அட்டை’ என்பதைத் தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் என்று நான்கிலும் போட்டேன், நான்கையும் ஸ்கேல் வைத்து அளந்து ஒரே உயரத்தில். உருதுக்கு எங்கள் கம்ப்யூட்டரில் எழுத்து இல்லை. சிவாஜிநகர் வரை போய்க் கையால் எழுதி வாங்கி வந்தேன். விசிறி அனுப்பியவர் அட்டையைப் பார்த்துவிட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் போயிற்று. நோயாளிகள் அட்டையை நீட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. நான்காக மடித்திருந்தார்கள். மடித்த இடத்தில் மை வெடித்திருந்தது. சிலர் செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஒருவர் முன்பக்கத்தையே கிழித்துவிட்டிருந்தார். இன்னொருவர் என் நுரையீரல் மேல் பேனாவால் கிறுக்கித் தள்ளியிருந்தார். இவர்களுக்கு அருமை தெரியவில்லை என்று டாக்டரம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, மூன்றாம் மாதத்தில் இருந்த ஓர் அக்கா நான்கு வாரமாக வரவில்லை என்றார். வீடு உன் தெருவுக்குப் பின்னால்தான், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

அந்த அக்கா கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை செய்பவர். ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவர். வரிசை வீடுகளில் ஓர் ஒற்றை அறையில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். நான் போனபோது மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். ஏன் வரவில்லை என்று நான் கேட்டது விசாரணை மாதிரித்தான் இருந்திருக்கும். அவர் ஒரு தலையணையை எடுத்தார். ஓரத்துத் தையலைப் பிளேடால் பிரித்து, பஞ்சுக்குள் கைவிட்டு, என் அட்டையை வெளியே எடுத்தார். அச்சகத்தில் மடித்த மடிப்பைத் தவிர வேறு ஒரு மடிப்புகூட இல்லை. அடித்த அன்று இருந்தபடியே இருந்தது.

“நல்லாத்தான்மா இருக்குது,” என்றார். “தூரத்துல இருந்தே தெரியுது. அதான் பேஜார்.”

கம்பெனி கேட்டில் காவலாளி போகும்போதும் வரும்போதும் பையைத் திறந்து பார்ப்பானாம். வேலை முடிந்து நேராக மையத்துக்கு வர வேண்டுமென்றால் அட்டை பையில் இருந்தாக வேண்டும். போன மாதம் பக்கத்துத் தையல் லைனில் ஒரு பெண்ணுக்கு இருமல் என்று தெரிந்ததுமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைக்கலாம் என்றால் பூட்டு வைத்த பெட்டி கிடையாது. வாராவாரம் தலையணையைப் பிரித்துத் தைக்கவும் முடியாது. மாமியார் பார்த்துவிடுவார்.

“இங்கிலீஷ்ல மட்டும் இருந்தா சமாளிச்சிருப்பேன். நாலு பாஷையிலயும் போட்டுட்டீங்க. ஒண்ணு தெரியாதவனுக்கு இன்னொண்ணு தெரியுது.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாரக்கணக்கில் ஸ்கேல் வைத்து அளந்த மரியாதை, ஊரில் ஒருவர் விடாமல் இந்த அக்காவைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. கிழித்தவரும் கிறுக்கியவரும் நூல் கட்டியவரும் என் அட்டையைத் திருத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

பையில் வேறு என்னென்ன கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். பஸ் பாஸ் வைக்கும் பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அளவுதான். முன்னால் பாஸ். அதன் பின்னால் பெரிய பிள்ளையின் போட்டோ, சாமி படம், ரத்த வகை எழுதிய சீட்டு, நூல் கோத்த ஓர் ஊசி. ஒரு குடும்பமே அதற்குள் குடியிருந்தது. எதற்கும் நெரிசல் இல்லை, தேடாமல் எடுக்க முடிந்தது. அதைக் காவலாளி பார்ப்பதில்லையா என்றேன். பஸ் பாஸை யார் பார்ப்பார்கள் என்று சிரித்தார்.

என் பையிலிருந்து விசிறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெருமைக்காக அதை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டுதான் போவேன். அவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். “கம்பெனியில நூலு கலர் பாக்குற ஷேட் கார்டு மாதிரி இருக்குதே,” என்றார். நான் முதல்முறை விரித்தபோது தடுமாறியதை நினைத்துக்கொண்டேன். அவர் விரல்கள் தடுமாறவே இல்லை. பழுப்புப் பக்கம் போய், நான்கு அட்டைகளைத் தள்ளி, பாஸை உறையிலிருந்து உருவி அதன் பின்பக்கத்தைப் பக்கத்தில் வைத்தார். நான் குனிந்து பார்த்து இதுதான் என்றேன். “லைட்டுல பாக்காதீங்க, மேடம். வெயில்ல பாருங்க,” என்று வாசலுக்குப் போனார். வெயிலில் நான் சொன்னது தப்பு. அவர் இரண்டு கட்டம் கீழே விரலை வைத்தார். அந்தப் பழுப்பும் பாஸின் பின்பக்கமும் ஒன்றோடொன்று கலந்து காணாமல் போயின. ஆண்டுமலரில் அந்தப் பறவையைப் பார்த்தபோது வந்த அதே பிரமிப்பு, அதைவிடக் கூடவே, அந்த வாசலில் எனக்கு வந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். முதலில் அந்தப் பெண் மருந்துக்கு வர வழி பார் என்றார். பஸ் பாஸ் அளவில், அந்தப் பழுப்பில், புதிய அட்டை அடித்தோம். நோயின் பெயர் இல்லை, நுரையீரல் இல்லை, மையத்தின் பெயரும் இல்லை. ஓர் எண்ணும், தேதிக் கட்டங்களும், பின்னால் மருந்துகளின் சுருக்கெழுத்தும் மட்டும். எந்த ஊர் டாக்டரும் அதைப் புரிந்துகொள்வார், காவலாளிக்குப் புரியாது. வெளிநாட்டிலிருந்து, சின்னம் எங்கே போயிற்று என்று கேட்டுக் கடிதம் வந்தது. நோயாளிகள் வருகிறார்கள் என்று டாக்டரம்மா ஒரு வரியில் பதில் எழுதினார்.

அக்கா திரும்பி வந்தார். ஆனால் நடுவில் நின்றதால் முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இருமலும் திரும்பியிருந்தது. மருந்து பிடிக்குமா என்று அவருக்கே நிச்சயமில்லை. சளிப் பரிசோதனை முடிவு வரும் நாட்களில் டாக்டரம்மா பக்கத்தில் போகவே எனக்குப் பயமாக இருக்கும். ஐந்தாம் மாதம் ஒருநாள் பஸ்ஸில் நான் அக்காவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கண்டக்டர் அந்த உறையைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். என் வேலை தன் கைக்குள் வந்து போனது கண்டக்டருக்குத் தெரியாது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

கடைசிப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. பழுப்பு அட்டையின் கடைசிக் கட்டத்தில் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை. பைக்குள்ளிருந்து என் பழைய அட்டையை, அந்த ஆரஞ்சு நுரையீரலை, எடுத்து மேசைமேல் வைத்தார். தலையணையைக் கடைசியாக ஒருமுறை பிரித்திருக்கிறார்.

“இதுல எழுதிக் குடுங்க டாக்டர், கொணமாயிருச்சுன்னு. நாலு பாஷையிலயும்.”

டாக்டரம்மா கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார். தமிழில் நான் எழுதினேன். உருதுக்கு, பெஞ்சில் காத்திருந்த ஒரு பெரியவரைக் கேட்டோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை வாங்கி, மெதுவாக எழுதித் தந்தார்.

அக்கா அதைப் பைக்குள் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். நான் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேக்கரி முன்னால் நின்ற கூட்டத்தைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, தெரு முனையில் திரும்புகிற வரைக்கும் அந்த ஆரஞ்சு தெரிந்துகொண்டே இருந்தது.