மேல்கோடு இல்லாத நோட்டு

ஒற்றைக்கோடு நோட்டை முதன்முதலாகப் பார்த்தபோது நான் பயந்துபோனேன். பேய்க்குப் பயந்தவர்கள், பாம்புக்குப் பயந்தவர்கள் என்று எங்கள் தெருவில் பலவகை வீரர்கள் உண்டு. கோடு ஒன்று குறைந்ததற்காகப் பயந்தவன் நான் ஒருவன்தான்.

அப்போது மூன்றாம் வகுப்பு. சிலேட்டைத் தாண்டி வந்த எங்களுக்கு இரட்டைக்கோடு நோட்டு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் எழுத்து உட்கார வேண்டும். தலை இடிக்கக் கூடாது, கால் தொங்கக் கூடாது. ஒரு மெய்யெழுத்தை எடுத்தால் அதன் வரிசை முழுவதையும், எழுத்து நிமிர்ந்து நிற்கும்வரை, நாள்கணக்கில் எழுத வேண்டும். யாருடைய எழுத்து நின்றுவிட்டது என்று வாத்தியாருக்குத் தோன்றுகிறதோ, அவன் வரிசை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், ஒற்றைக்கோட்டுக்குப் போகலாம். போனவன் பெஞ்சியில் உட்காருவான். போகாதவனுக்குத் தரைப்பலகை.

வாத்தியார் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். நெற்றியில் நாமம் வியர்வையில் கரைந்திருக்கும். ஒருநாள் என் நோட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பேஷ்டா! நாளைக்கு ஒத்தைக்கோடு வாங்கிண்டு வா” என்றார்.

வகுப்பே என்னைப் பொறாமையோடு பார்த்தது. நானோ ரகசியமாக, பெஞ்சிக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டுக்காரனின் நோட்டில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். கூரையைப் பிரித்துவிட்ட வீடு மாதிரி இருந்தது. ‘கி’யின் கொக்கி மேல் வரியில் போய் மாட்டிக்கொண்டது. ‘பூ’ கீழே இறங்கியது, ஏறவேயில்லை. அன்று மாலை எனக்குக் காய்ச்சல் வந்தது. அதாவது, வந்ததாக நானே அறிவித்தேன்.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “சூடு ஒண்ணும் இல்லையே. என்னடா விஷயம்?” விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் முகம் சட்டென்று மாறியது. “இப்பவே வேணாம். இன்னும் கொஞ்ச நாள் ரெட்டைக்கோட்டுலயே எழுது. உங்க வாத்தியார்ட்ட அம்மா சொன்னாங்கன்னு சொல்லு.”

காய்ச்சல் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவில் அம்மாதான் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். காலையில் பத்துப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ராகம் போட, அம்மா அடுக்களையிலிருந்தே, “அங்க நீட்டணும், இன்னொரு தடவை ஓது” என்று திருத்துவார். அரபு எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. படித்த பொம்பளை என்று தெருவே மரியாதை கொடுத்தது. அதனால் நான் செய்தியைச் சொன்னதும் வாத்தியாரே தலையை ஆட்டினார். “ஓதிக்கொடுக்கறவா இல்லையோ! கண்டிப்பு இருக்கத்தான் செய்யும். அம்மா சொன்னபடியே செய்.”

அந்தி நேரத்து மஃரிபு தொழுகை முடிந்ததும் லாந்தர் வெளிச்சத்தில் நான் எழுதுவேன். அம்மா எதிரே உட்காருவார். “சத்தமா சொல்லி எழுது” என்பது கட்டளை. த, தா, தி, தீ என்று கத்திக்கொண்டே எழுதுவேன். கொஞ்சம் வேகம் எடுத்தால், “என்னடா ரயிலா பிடிக்கப்போறே? அந்த ‘தூ’வ இன்னொரு தடவை போடு, பாப்போம்” என்பார். அப்போதெல்லாம் அவருடைய சுட்டுவிரல் பாயின்மேல் எதையோ தேய்த்துக்கொண்டிருக்கும். எறும்பு என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் எறும்பு ஜாஸ்தி.

அம்மா காப்பாற்றிவிட்டார் என்ற நிம்மதி சில வாரம்தான். ஒவ்வொருவனாகப் பெஞ்சிக்கு ஏறினான். மூக்கு ஒழுகிக்கொண்டே வருபவன்கூட ஏறிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரன் மேலேயிருந்து குனிந்து, “டேய், கூரை இல்லாட்டி இவனுக்கு எழுத வராதுடா, மழையில நனைஞ்சிருவான்” என்றான். பெஞ்சியே சிரித்தது. ஒற்றைக்கோட்டுக்குப் போகப் பயந்தவன், இப்போது போகாமலே கிடந்துவிடுவேனோ என்று பயந்தேன். தாடி முளைத்த பிறகும் தரைப்பலகையில் உட்கார்ந்து ‘கி’ எழுதுவதாகக் கனவு வந்தது. பயத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்கு ஒரு முகம் உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் பொருத்தமாக இருந்தது.

தகரப்பெட்டிக் கடையிலிருந்து அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, வந்ததும் சட்டையைக் கழற்றக்கூட விடாமல் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அத்தா அம்மாவைப் பார்த்தார். “வாத்தியாரே சொன்னப்புறம் நமக்கென்ன? போகட்டுமே.”

“இன்னும் கொஞ்சம் எழுத்துதாங்க பாக்கி. அத முடிச்சிட்டுப் போகட்டும்.”

“அவன் எல்லா எழுத்தையும் ஒண்ணாங்கிளாஸ்லயே முடிச்சிட்டானே!”

அம்மா அத்தாவின் சட்டையை வாங்கி ஆணியில் மாட்டினார். அது தரையில் விழுந்தது. மறுபடியும் மாட்டினார்.

அத்தா சொன்னபடியே மறுநாள் எனக்குப் பெஞ்சி கிடைத்தது. பயந்த மாதிரி கூரை எதுவும் இடிந்து விழவில்லை. ‘கி’ இரண்டு நாள் தள்ளாடிவிட்டு அடங்கியது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

வருஷங்கள் கழித்து, நான் கல்லூரியில் படித்தபோது, திருவெள்ளறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவோடு பஸ்ஸில் போனேன். அம்மா ஜன்னலோரம். கடைப் பலகைகளைப் பார்த்து அவர் உதடு அசைந்தது. சில எழுத்தில் நிற்கும், சில எழுத்தைத் தாவும்.

“என்னம்மா, பாதி எழுத்த முழுங்கிட்டீங்க?” என்றேன், பெரிய நகைச்சுவை போல.

அம்மாவும் சிரித்தார். “நாம ‘ப’ வரைக்கும்தானே உக்காந்தோம்? அதுக்கு மேல உனக்குத்தான் நேரமில்லாமப் போச்சு.”

குறையாகச் சொல்லவில்லை. போன பஸ்ஸைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது கண்டக்டர் வந்தார், டிக்கெட் வாங்கினேன், அவருடைய விசிலைப் பற்றி இன்னொரு ஜோக் அடித்தேன். அம்மா அதற்கும் சிரித்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இன்றைக்குப் பேச்சை இழுத்துப் பிடிக்கலாமென்றால், எதிரே உட்கார அம்மா இல்லை.

பெஞ்சி கிடைத்த அன்று மாலை நடந்ததுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. புது நோட்டோடு லாந்தருக்கு முன்னால் உட்கார்ந்தேன். தொழுகையை முடித்துக்கொண்டு அம்மா வழக்கம்போல எதிரே வந்து உட்கார்ந்தார். “சத்தமா சொல்லி எழுது” என்றார்.

“ஒத்தைக்கோட்டுல வாயைத் திறக்கக் கூடாதும்மா. வாத்தியார் சொல்லிருக்காங்க” என்றேன். குரலில் பெஞ்சியின் கம்பீரம் இருந்திருக்கும்.

அம்மாவின் சுட்டுவிரல் பாயின்மேல் அசையாமல் இருந்தது. என் பென்சில் வேகமாக ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து, மெல்லிய குரலில் கேட்டார்: “‘ப’வுக்கு அடுத்து என்ன எழுத்துடா?”

பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். “அதெல்லாம் எனக்குத் தெரியும்மா” என்று சொல்லிவிட்டு, தலையைத் தூக்காமல் எழுதினேன்.