கருப்பு நாயின் மேல் நான் எழுதிய மனு

எங்கள் வீட்டு வெள்ளை நாய் ஒரு ரவுடி. பன்னிரண்டு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், நம்பலாம். பொமரேனியன், தலையணை அளவுக்குத்தான் இருக்கும். என்னைக் கடித்திருக்கிறது, என் மனைவியைக் கடித்திருக்கிறது, தீபாவளிக்கு வந்த என் மைத்துனரைப் பலகாரத் தட்டோடு சோபா மேல் ஏற வைத்திருக்கிறது. வீட்டு விஷயம் வீதிக்குப் போகக் கூடாது என்று நாங்கள் யாரும் வெளியே மூச்சு விட்டதில்லை. அதனால் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க அதற்குச் செல்லம்தான்.

எதிர்வீட்டில் ஒரு ராட்வைலர் இருந்தது. கன்றுக்குட்டி மாதிரி உடம்பு, கருகருவென்று நிறம். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் குட்டியாக வாங்கி வந்து பழக்கிய நாய் அது. படு, உட்கார், ஏறு, இறங்கு எல்லாமே பிரெஞ்சில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் காலமாகி, மகளும் பிரான்சிலேயே தங்கிவிட, அந்த வீட்டில் மதாமும் நாயும்தான் மிச்சம். தெருக்காரர்கள் "ஏய், உள்ள போ" என்று தமிழில் கத்துவார்கள். அது ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நிற்கும். திமிர் பிடித்த நாய் என்று பெயர் எடுத்துவிட்டது.

எனக்கு அந்தப் பாஷை தெரியும். பிரான்சுக்குப் போய்ப் பெரிய ஆளாவேன் என்று அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். நான் போனது லாஸ்பேட்டையில் ஒரு கவர்மென்ட் ஆபீஸ் வரைக்கும்தான். படித்த படிப்பு அந்த நாயிடம் பேசத்தான் பயன்பட்டது. "கூஷே" என்றால் தொப்பென்று படுக்கும். "மோந்த்" என்றால் மதாம் வீட்டு மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவி ஏறி, சரியாகச் செய்தேனா என்று திரும்பிப் பார்க்கும். ஆபீசில் என் பேச்சை யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எனக்கு அந்த நாயை ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் காலை வேளைகளை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. ஏழரை மணிக்குக் குப்பத்திலிருந்து மீன்காரம்மா வருவார். கூடையை இறக்கி, எங்கள் வாசலுக்கும் மதாம் வாசலுக்கும் நடுவில் அருவாமனையைப் போட்டு உட்காருவார். மதாம் கேட்டைத் திறந்துவிடுவார். கருப்பு நாய் நாலடி தள்ளி உட்கார்ந்துகொள்ளும். தலை அதற்கு, வால் எங்கள் நாய்க்கு, குடல் பூனைகளுக்கு. இந்தப் பங்கு முறை மீன்காரம்மா வைத்தது. மதாம் முந்தின நாள் ரொட்டியைப் பிய்த்து நாய்க்குப் போட்டபடி, மகள் இருக்கும் ஊரின் குளிரைப் பற்றிச் சொல்வார். "இங்க வெயில்ல மீன் நாறுது, அங்க குளிர்ல மனுசங்க வெறைக்கிறாங்களா? நல்ல கதைதான் போ" என்று மீன்காரம்மா சிரிப்பார். நான் ஆபீசுக்கு லேட்டாகப் போனதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான்.

ஒரு சனிக்கிழமை மீன்காரம்மா குனிந்து வஞ்சிரம் அரிந்துகொண்டிருந்தார். மதாம் பாத்திரம் எடுக்க உள்ளே போயிருந்தார். வாலையும் குழம்புக்குத் துண்டு போடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள் என் மனைவி. எங்கள் நாய்க்கு அது பொறுக்கவில்லை. பின்னாலிருந்து வந்து மீன்காரம்மாவின் கெண்டைக்காலில் ஒரே கவ்வு. அவர் அலறி எழுவதற்குள் வீட்டுக்குள் ஓடிவிட்டது. அலறல் கேட்டுக் கருப்பு நாய் எழுந்து பக்கத்தில் வந்தது. தெருக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தபோது காலில் ரத்தம், பக்கத்தில் ராட்வைலர்.

பதறி ஓடி வந்த மதாம் "கூஷே!" என்று கத்தினார். அது அந்த நிமிஷமே தலையைத் தரையில் வைத்துப் படுத்தது.

"தப்பு பண்ணிட்டு எப்படிப் பம்முது பாரு" என்றார் கோடிவீட்டுக்காரர்.

அது பம்மவில்லை, சொன்ன சொல்லைக் கேட்டது. அங்கே கூடியிருந்தவர்களில் மதாமையும் என்னையும் தவிர யாருக்கும் அது தெரியாது. மீன்காரம்மாகூட, "குனிஞ்சிட்டு இருந்தேன், எதுன்னு பாக்கல" என்றுதான் சொன்னார். எங்கள் வாசலில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்.

"நீ பாத்தியா தம்பி?" என்று மதாம் கேட்டார்.

"இல்ல மதாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம்தான், வேறென்ன. என் நாயைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று பயம், தெருவில் மானம் போகுமே என்று பயம். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்ததை இழுத்து, வாயை ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு நானே மீன்காரம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட வைத்தேன். தெரு என்னை மெச்சியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எந்தெந்த ஜாதி நாயெல்லாம் ஆபத்து என்று டிவியில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. தெருவின் வாட்ஸப் குழுவில் ஆளாளுக்கு அதை எடுத்துப் போட்டார்கள். முனிசிபாலிட்டிக்கு மனு கொடுப்பது என்று முடிவானது. மனு எழுதத் தெரிந்தவன் தெருவில் நான்தானே. "இவ்வகை நாய்கள் பிறவியிலேயே மூர்க்க குணம் கொண்டவை" என்று எழுதினேன். எழுதும்போது எங்கள் வீட்டு மூர்க்கன் என் காலடியில் வயிற்றைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. ராட்வைலர் கடித்தால் சதையே பிய்ந்துவிடும், பொமரேனியன் கடித்தால் இரண்டு தையலோடு போகும். அந்தத் தாடை பிறவியில் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. கடிக்கிற புத்தியும் அதோடு சேர்ந்தே வருகிறது என்று எழுதினேன் பாருங்கள், அதுதான் அயோக்கியத்தனம்.

மனு முனிசிபாலிட்டி வரைக்கும் போகவில்லை. கையெழுத்து வாங்கியவர்கள் அதை மதாமிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். மூக்குக் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்துவிட்டு, "நானே அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டார். விழுப்புரம் பக்கம் அவருடைய உறவுக்காரர் ஒருவருக்கு மாந்தோப்பு இருந்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. "மோந்த்" என்று மதாம் இரண்டு தடவை சொன்னார். குரல் உடைந்து வந்தது. நாய் ஏறாமல் அவர் புடவையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"உன் பேச்சக் கேக்கும். நீ சொல்லு தம்பி" என்றார்.

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன். ஒரே தாவில் ஏறியது. ஏறிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

அதன் பிறகும் மீன்காரம்மா வந்தார். மதாம் கேட்டைத் திறக்காமல் கம்பி வழியாகவே மீன் வாங்கிக்கொண்டார். ரொட்டியும் இல்லை, பேச்சும் இல்லை. நானும் சரியான நேரத்துக்கு ஆபீஸ் போக ஆரம்பித்தேன்.

ஐப்பசி மழையில் நாய் செத்துவிட்டது என்று தோப்பிலிருந்து போன் வந்தது. காய்ச்சலாம். அன்று சாயங்காலம் நான் மதாம் வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை. கடித்தது எங்கள் நாய், பார்த்தேன், வாயைத் துடைத்தேன், மனுவை எழுதியதும் நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதாம் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நான் கூப்பிட்டதுக்கு ஏறலியே தம்பி" என்றார். "நீ சொன்னதாலதான ஏறுச்சு."