ஒரு மூச்சு நீளப் பெயர்

முதுகுவலிக்கு நீந்தித்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் விரட்டியதால், பம்பாயில் மாதுங்கா மெஸ்ஸில் தனியாகக் காலம் தள்ளிவந்த குமாஸ்தா சங்கரநாராயணன் 1966-இல், தலை நரைத்த பிறகு, தாதர் நீச்சல் குளத்தில் இறங்கினார். கை கால் எப்படியோ வசத்துக்கு வந்துவிட்டது. மூச்சுதான் மானத்தை வாங்கியது. தண்ணீருக்குள் முகம் போனதும் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தலையைத் திருப்பிய பிறகு அதை விடவும் புதிதாக இழுக்கவும் அவகாசம் போதாமல், மருந்து வாடை அடிக்கிற தண்ணீரைக் குடிப்பார்.

"உள்ளே இருக்கும்போதே விட்டுடணும் சாப். ஏதாவது சாமி பேரைத் தண்ணிக்குள்ளேயே சொல்லுங்க. முடிஞ்சதும் திரும்புங்க" என்று ஹிந்தியில் சொன்னார், கற்றுக்கொடுக்கிற பேட்ணேகர்.

'ராமா' சட்டென்று தீர்ந்துபோய்ப் பாதி மூச்சு மிச்சமிருந்தது. 'முருகா'வும் அப்படியே. எரிச்சலில் தன் பெயரையே சொல்லிப் பார்த்தார். சங்கரநாராயணன். கடைசி எழுத்து குமிழியாகப் போனபோது நெஞ்சு காலியாகியிருந்தது. திரும்பினார். காற்று தானாக உள்ளே வந்தது. அக்கரை வரை அதையே சொல்லிக்கொண்டு போனார். ஆபீஸில் அவர் வெறும் எஸ்.என். அந்தப் பெயரை முழுசாக யாராவது சொல்லி அவர் கேட்டு வருஷக்கணக்காகிறது.

"எந்த சாமி சாப்?" என்று கேட்டார் பேட்ணேகர்.

"எங்க ஊர்ப்பக்கத்து சாமி" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மெஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து சமையல்காரர் குரல் கொடுத்தார்:

"மூணாம் நம்பர் வந்தாச்சு, இலையைப் போடு."