ஜன்னல் சீட்டுக்கு ஒரு வார்த்தை

'பரையா' என்று ஓர் ஆங்கில வார்த்தை இருக்கிறதே, அதை யாராவது உன் காதுபடச் சொல்லியிருக்கிறார்களா? இன்று காலை மீட்டிங்கில் எங்கள் டீம் லீடர் சொன்னார். மார்க்கெட்டே ஒதுக்கிவிட்ட ஏதோ ஒரு கம்பெனியைப் பற்றித்தான். எனக்கு உடனே பஞ்சு வாசனை வந்தது.

நான் காலேஜ் போன காலத்துப் பஸ்ஸின் வாசனை அது. மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் ஏறும் பஸ். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிய அவர்களோடு, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் காலேஜுக்குப் போவோம். நான், கார்த்தி, ஆன்டோ. மூவருக்கும் இங்கிலீஷ் இலக்கியம். வேறு பாடத்தில் சீட் கிடைக்காமல் சேர்ந்தோம் என்பதை வெளியே சொல்வதில்லை. பஸ்ஸில் எங்களுக்கு வாய்ப்பது ஒரே ஜன்னல். அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தோம்: தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தையைச் சொல்பவனுக்கே ஜன்னல் சீட்டு. கட்டுமரம் ஆன்டோவுடையது. இங்கிலீஷில் 'செரூட்' ஆன சுருட்டு நான் கொண்டுவந்தது.

"ஒங்க அப்பா வாயில இருந்தத உருவிட்டு வந்துட்டியால?" என்றான் கார்த்தி. மாங்காய் அவனுடையது. "வெள்ளக்காரன் தின்ன மொத மாங்கா எங்க தோப்புல காய்ச்சதுதாம்ல."

"ஆமா, ஒங்க தாத்தாதான் ஏறிப் பறிச்சாரு. தள்ளி உக்காருல."

ஒருநாள் போனைத் தடவிக்கொண்டே கார்த்தி சொன்னான்: "பரையா. இதுவும் நம்ம வார்த்தையாம்ல."

ஆன்டோ அவன் காலை மிதித்ததைப் பார்த்துவிட்டேன். என் சாதி என்னவென்று கார்த்திக்கு மறந்தே போயிருந்தது. அவனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

"எதுலேர்ந்து வந்துச்சாம்?" என்றேன்.

"பறை... அடிக்கிறவங்க..." குரல் இறங்கிவிட்டது.

"இங்கிலீஷ்ல என்ன அர்த்தம்?"

"எல்லாரும் ஒதுக்கி வச்ச ஆளு."

"அப்ப எந்திரி. எங்க வீட்டு வார்த்தைக்கு ஒனக்கு எதுக்குல சீட்டு?"

நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. கார்த்தி எழுந்து இடம் விட்டான்.

மறுநாளிலிருந்து யாரும் வார்த்தை சொல்லவில்லை. சட்டம் போனது, சண்டை போனது. நான் ஏறும்போதே ஜன்னல் சீட்டு எனக்காகக் காலியாக இருக்கும். என்னை ஓட்டுவதைக் கார்த்தி நிறுத்தினான், என் அப்பாவை இழுப்பதை நிறுத்தினான், 'ஏலே' என்று கூப்பிடுவதையும் நிறுத்தினான். திட்டியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். மரியாதையின் சட்டையை எங்கே பிடிப்பது?

மில்காரர்கள் இப்போது கம்பெனி வேனில் போகிறார்களாம். அந்தப் பஸ்ஸில் பஞ்சு ஏறுவதில்லை.

அடுத்த வாரம் கார்த்திக்குக் கல்யாணம். 'தாங்கள் குடும்பத்துடன் அவசியம் வரவும்' என்று எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறான். அவனே டைப் செய்தது. நான் இன்னும் பதில் போடவில்லை.