எங்கள் காரின் "டிக்கு டப்பா"

அடுப்பில் பால் பொங்கும் சத்தத்தையும் மீறி, காலையில் வாசலில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அடுத்த நொடியில் "கிர்ர்ர்" என்று மோட்டார் சுற்றி இஞ்சின் பிடித்துக்கொண்டால்தான் எங்கள் வீட்டில் மூச்சே வரும். அதுவரை அம்மா கரண்டியும் கையுமாக அசையாமல் நிற்பார். நானும் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. திருச்சி பெரிய கடைவீதிக்குப் பின்புறச் சந்தில் கார் வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையது. அத்தா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா, கண்ணாடிச் சாமான்களை மொத்தமாக வாங்கி ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டுவந்த வியாபாரி. யுத்தத்துக்குப் பிறகு சீமையிலிருந்து வந்து, இரண்டு மூன்று கை மாறி எங்களிடம் சேர்ந்த கறுப்புக் கார் அது. பின்சீட்டில் அம்மா உட்காருவதற்காக ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்தது. ஸ்டார்ட் ஆகாத நாளில் முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகி, உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்துச் சுற்ற வேண்டும். "ஹேண்டில் போடுவது" என்பார்கள். ஒரே சுற்றில் இஞ்சினை எழுப்புவதில் அத்தாவுக்குப் பெருமை உண்டு.

அப்படிப்பட்டவரை ஒருநாள் நெஞ்சுவலி சாய்த்துவிட்டது. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் அம்மாவைப் பார்த்தே சொன்னார்: "மூட்டை தூக்கக் கூடாது, ஹேண்டில் போடவே கூடாது. போட்டா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது." அத்தா தலையாட்டினார். ஆனால் டிரைவர் வைத்துக்கொள்ள மட்டும் சம்மதிக்கவில்லை. அவர் தலையாட்டியதை நம்பாத அம்மா, ஹேண்டிலை டிக்கியிலிருந்து எடுத்துக் கம்பளிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார், அத்தாவிடம் சொல்லவில்லை.

பாலக்கரையில் காருக்கு வயரிங் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு வெள்ளிக்கிழமை அத்தா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வரவழைக்கப்பட்டார். அம்மா பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

"அக்கா, இதெல்லாம் உனக்கு எதுக்கு?"

"நான் கேக்குறேன்ல, சொல்லு."

மாமா உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருண்டை டப்பாவைக் காட்டினார். சொலினாய்டு என்பது அதன் பெயர். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அது "டிக்கு டப்பா". "பாட்டரியிலருந்து விரல் தடிமனுக்கு ஒரு வயர் இதுக்கு வருது. இதுலருந்து அதே தடிமன்ல இன்னொண்ணு மோட்டாருக்குப் போகுது. நடுவுல ரெண்டும் ஒட்டாது. மச்சான் உள்ள பொத்தான அமுக்குனா, இந்த ஒல்லி வயர்ல கரண்டு வந்து உள்ள இருக்கிற சுருளு காந்தமாகும். காந்தம் ஒரு இரும்புத் தண்ட இழுக்கும். அதோட முனையில இருக்கிற செம்புத் தட்டு ரெண்டு தடி வயரையும் சேத்துவிடும். நீ கேக்குற 'டிக்' அதுதான்."

"டிக்குன்னே கேக்கலன்னா?"

"ஒல்லி வயர் கழண்டிருக்கும், பெரும்பாலும். அப்ப சாவியப் போட்டு வச்சிட்டு, இந்த ரப்பர் மூடிய விரலால அழுத்து, தண்டு போய் ஒட்டிக்கும். ஆனா கியர் நியூட்ரல்ல இருக்கணும். இல்லன்னா வண்டி உம்மேல பாஞ்சிரும்."

கூடவே நின்று கேட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அதுவரை ஒரு கார்தான் பயமாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு வயரும் தனித்தனியாகப் பயமுறுத்தியது.

ஆடியில் புதுத் தண்ணீர் வந்திருந்த சமயம், அத்தாவின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காவிரிப் பாலத்துக்கு ஏறும் மேட்டில், குறுக்கே வந்த மாட்டுவண்டிக்காக அத்தா பிரேக் போட, இஞ்சின் நின்றுவிட்டது. வண்டிக்காரர் கவனிக்காமல் போய்விட்டார். உச்சி வெயில், பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அத்தா பொத்தானை அமுக்கினார். "டிக்" கேட்கவில்லை. மறுபடி அமுக்கினார். ஒன்றுமில்லை.

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தவர், அங்கிருந்தே கத்தினார்: "ஹேண்டில் எங்க?"

"வீட்ல இருக்கு," என்றார் அம்மா திரைக்குள்ளிருந்து.

"யாரக் கேட்டு எடுத்த?"

முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்வை. அந்தக் கோபமே அவரைக் கொன்றுவிடுமோ என்று நான் பயந்தேன். பதிலுக்குக் காத்திராமல் அவர் கதவின் ஓரத்தில் தோளைக் கொடுத்துத் தன்னந்தனியாக வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்.

அம்மா இறங்கினார். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு, அத்தாவின் கையைப் பிடித்து அகற்றினார். நடுரோட்டில் அவர் அத்தாவைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "நீங்க உள்ள உக்காருங்க. பிரேக்க மிதிச்சுக்கிட்டு, கியர நியூட்ரல்ல போட்டு, சாவியத் திருப்பி வைங்க."

"நீ என்ன பண்ணப் போற?"

"உக்காருங்கன்னா உக்காருங்க."

பானெட் திறந்தது. பக்கவாட்டில் நின்று குனிந்த அம்மாவின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. முதல் அழுத்தலில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கார் ஒருமுறை குலுங்கியது. மோட்டார் சுற்றி, இஞ்சின் இருமிக்கொண்டே எழுந்தது.

துப்பட்டியெல்லாம் கிரீஸோடு வந்த அம்மா பின்கதவைத் திறக்கவில்லை. முன்சீட்டில் அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலத்தின் பாதி வந்துவிட்டது. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"பயந்துட்டியா?" என்றார் அத்தா.

"இன்னிக்கா? தினமும்தாங்க."

அடுத்த வாரம் உறையூரிலிருந்து ஒருவர் டிரைவராக வந்தார். அத்தா அதன்பின்னும் பல வருஷம் இருந்தார்.

அந்தச் சந்தில் இப்போது கார் நுழையவே இடமில்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடைகள். சொலினாய்டு இன்றைய கார்களிலும் இருக்கிறதாம், மோட்டாரோடு ஒட்டி, யார் விரலும் எட்டாத இடத்தில். போன மாதம் என் மகன் ஓட்ட, காவிரிப் பாலத்துக்கு ஏறும் அதே மேட்டைக் கடந்தோம். அவனுக்கு நாற்பத்தாறு வயது. சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று அந்த மேட்டில் வியர்த்து நின்ற அத்தாவுக்கு நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை, அம்மாவுக்கு முப்பத்திரண்டு.