காப்பகத்து வாசலில் கேட்டவை

பெண்கள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் மறக்கவேண்டிய சொல் 'ஏன்'. ஏன் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டாய், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்க ஊரே இருக்கிறது; அதற்கு நாங்கள் வேறு எதற்கு? ஆவடிப் பக்கம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு மாடி வீட்டில் ஆலோசகராக இருக்கிறேன். சமையலும் வாசல் காவலும் காமாட்சி அக்கா. இப்படி ஒரு கதவுக்கு உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெளியே நின்று பெல்லை அழுத்தியவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

சூடு ஆறாத குக்கர்

பவானி ஒரு மத்தியானம் திருமழிசையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். ஒரு கையில் மகள் மோனிஷா, மறு கையில் துண்டில் சுற்றிய குக்கர். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. மாற்றுத்துணி கிடையாது, காலில் இருந்த செருப்புகூட வேறு வேறு ஜோடி. அங்கன்வாடி டீச்சர் ஒருவர் எங்களைப் பற்றி எப்போதோ சொல்லி வைத்திருந்தாராம். லோடு வண்டி ஓட்டும் புருஷன் அடித்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், அடுப்பிலிருந்து குக்கரை இறக்கி அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பெயரைக் கேட்டேன். நேராக எங்கள் சமையலறைக்குப் போய் உட்கார்ந்து குக்கரைத் திறந்தாள். சாம்பார் சாதம். மோனிஷாவுக்கு ஊட்டி முடித்த பிறகுதான் தண்ணீர் கேட்டாள். உதட்டில் டம்ளர் பட்டதும் முகத்தைச் சுளித்தாள். "ஓடி வர்ற அவசரத்துல இத்த எதுக்கும்மா தூக்கினு வந்தே?" என்றார் காமாட்சி அக்கா.

"வெச்சிட்டு வந்தா அந்தாளு துன்னுடுவான்க்கா. அட்ச்சதுக்கு சோறு வேற போடணுமா?"

தகுதி

சுகன்யா நேரில் வருவதற்கு முன் போனில்தான் பழக்கம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்பத்தூரில் மென்பொருள் கம்பெனியில் வேலை, கோவில்பதாகையில் புது ஃபிளாட். ஆபீஸ் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுவாள். லேடீஸ் ஹாஸ்டலில் இடம் விசாரிப்பதுபோலக் கேட்பாள். ஒரு ரூமில் எத்தனை பேர், வேலைக்குப் போய் வரலாமா, லேப்டாப் வைத்துக்கொள்ளலாமா. நானும் பதில் சொல்வேன். வைத்துவிடுவாள்.

ஒருநாள் வைக்கவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மாவிடம் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவேண்டும். ஆபீஸில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று வீடியோவில் காட்டவேண்டும். பாத்ரூமுக்குப் போனால் வெளியே வரும்வரை கணவர் கதவருகே நிற்பார். கோபம் வந்தால் பால்கனியில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். வெயிலோ மழையோ, அவராகத் திறந்தால்தான் உண்டு. கடைசியாக, ஹாஸ்டல் விசாரிக்கும் அதே குரலில் ஒன்று கேட்டாள்.

"ஆனா என்னை அவர் அடிச்சதே இல்லை மேடம். அடிச்சாத்தான் சேர்த்துக்குவீங்களா?"

தேங்காய்ச் சட்னி

உடனே வரச் சொன்னேன். வந்தாள். அடுத்த வாரமே கணவரும் வந்துவிட்டார். அவள் போனில் ஏதோ போட்டு வைத்திருந்தார்போல; இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பழப் பை, குரலில் அவ்வளவு பணிவு. காமாட்சி அக்கா கேட்டைத் திறக்காமலே, "அப்டி யாரும் இங்க இல்ல சார்" என்றார். அவர் என்னைப் பார்த்து, "நான் படிச்சவன் மேடம். அவளுக்குத் தனியா ஒரு முடிவு எடுக்க வராது. தோசைக்கு என்ன சட்னின்னுகூட என்னைக் கேட்டுத்தான் அரைப்பா. அவளை நினைச்சுத்தான் பயமா இருக்கு" என்றார். அவர் கண் கலங்கியது. பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் விரல்கள் மட்டும் கேட் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தன.

போலீஸுக்கு போன் செய்கிறேன் என்றதும் போனார். போகும்போது பழப் பையைச் சுவரில் ஓங்கி அடித்துவிட்டுப் போனார். உள்ளே வந்தால், மாடிப்படியில் சுகன்யா. எல்லாம் கேட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தேங்காய்ச் சட்னி பிடிக்கவே பிடிக்காது மேடம்."

திரும்பிப் போன நாள்

பவானியின் புருஷன் வேறு மாதிரி. சமாதானம் பேசக் கூப்பிட்ட காவல் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் அவள் காலில் விழுந்தான். மோனிஷா, "அப்பா அழுவுது" என்று தானும் அழுதது. பவானியின் அம்மா, "பொட்டப்புள்ளைய வெச்சிகினு எங்கடி போவே?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அடி மறுபடி விழலாம், அப்படி விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று பவானியைத் தனியே அழைத்துச் சொன்னேன். தலையாட்டினாள். அவனோடு கிளம்பிவிட்டாள்.

எனக்கு அவள்மேல் கோபம். இந்த வேலையில் அது வரக்கூடாது, வரும். அன்று மத்தியானம் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். காமாட்சி அக்கா ரசத்தை ஊற்றினார்.

"நீ துன்னும்மா. இட்டுனு வர்றது நம்ம வேலை இல்ல. வந்தா தொறக்கறதுதான் நம்ம வேலை."

யோசித்து வைத்த பதில்

மழைக்காலம் முடிவதற்குள் பவானி திரும்பி வந்துவிட்டாள். பால் வாங்கப் போன காமாட்சி அக்காதான் பார்த்தார். தெருமுனையில், பெல்லை அழுத்த வராமல், நனைந்த சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறாள். இடது கை மணிக்கட்டு பம்மென்று வீங்கிக்கிடந்தது. இந்தமுறை மோனிஷாவுக்கும் கன்னத்தில் விரல் தடம். அதைப் பார்த்த நிமிஷம் முடிவெடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். அக்கா இருவரையும் அழைத்து வந்து, துண்டு கொடுத்து, "டீயா, காப்பியா?" என்று மட்டும் கேட்டார். நானும் வேறெதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் திடீரென்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது.

"திட்டுவீங்கன்னு பஸ்ல பூரா பதில் ரோசிச்சிகினே வந்தேன்க்கா. அல்லாம் வேஸ்ட்டாப் பூட்ச்சு!"

தாழ்ப்பாள்

இந்தமுறை புகார், கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு, அம்பத்தூரில் பேக்கிங் வேலை என்று ஒவ்வொன்றாக நடந்தது. சுகன்யா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். விவாகரத்து வழக்கு நடக்கிறது. பவானிக்கு வீடு தேடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. "வீட்டுக்காரர் எங்கே வேலை?" என்பார்கள். பவானி பதில் தேடுவதற்குள் "யோசிச்சுச் சொல்றோம்" என்று கதவு மூடிவிடும். சென்னீர்குப்பத்தில் ஹைவேயை ஒட்டி ஒரு ஒற்றை அறை. வீட்டுக்கார அம்மாளும் அதையேதான் கேட்டார். இந்தமுறை பவானி பதில் தேடவில்லை. "இல்லம்மா. அடி தாங்காம வந்துட்டேன். நானும் பொண்ணுந்தான்" என்றாள்.

அந்த அம்மாள் இன்னும் பட்டை சுற்றியிருந்த அவள் மணிக்கட்டைப் பார்த்தார். மோனிஷாவைப் பார்த்தார். சாவியை எடுத்து அறையைத் திறந்தார். ஜன்னலையோ குழாயையோ காட்டவில்லை. கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டு, இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார்.

"இது புதுசும்மா, நான் போட்டது. பழசு ஒரு உதைக்குத் தாங்காது. எனக்குத் தெரியும்."

வந்தவர்கள் மறுபடி வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு, வந்துவிட்டால் சத்தம் கேட்கவேண்டுமே என்று பெல்லுக்கு மட்டும் தவறாமல் பேட்டரி மாற்றுகிற வியாபாரம் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.